குடும்பநல மாது வராத வீடு

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் குடும்பநல மாதுவின் ஸ்கூட்டர் தேனுகா வீட்டு வாசல் படலையைத் தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டில் நின்றது.

தேனுகா விறாந்தையில் இருந்தாள். சக்கர நாற்காலியின் கைப்பிடிகளுக்குக் குறுக்கே ஒரு பலகை. பலகையில் ஒரு போன் திறந்து கிடந்தது. அவள் திருகாணியைக் கீழே வைத்தாள்.

அந்த ஆவணியில் அந்த ஒழுங்கையில் இரண்டு கலியாணம் நடந்தது. ஒன்று பக்கத்து வீட்டு யதுர்ஷிகாவுடையது. மற்றது தேனுகாவுடையது. தாய் சேய் நலம் பார்க்கும் அரசாங்க ஊழியரான குடும்பநல மாது, புதிதாக மணம் முடித்தவர்களின் வீட்டுக்கும் போவார். யாரும் அழைப்பதில்லை. பந்தல் கழற்றி ஒரு மாதத்துக்குள் ஸ்கூட்டர் வரும். இரத்தம் சோதிக்கச் சொல்வார், பிள்ளை தங்குமுன் போட வேண்டிய குளிசை கொடுப்பார், புதுத் தம்பதிகளுக்கான வகுப்புக்கு நாள் சொல்வார். ஊர் மிஸி என்று கூப்பிடும் மாது விமலேஸ்வரி பல வருடங்களாக இந்தப் பகுதியில் இருப்பவர். ஒரு வீட்டையும் விடமாட்டார் என்று பெயர்.

ஸ்கூட்டர் திரும்பி வந்தது. தேனுகா நிமிர்ந்து பார்த்தாள். விமலேஸ்வரி சிரித்துக் கையசைத்தார். நிற்கவில்லை.

பின்னேரம் யதுர்ஷிகா சார்ஜ் ஏறாத போனைக் கொண்டு வந்தாள்.

“மிஸி வந்திட்டுப் போனவா போல?” என்றாள் தேனுகா.

“ஐயோ அக்கா, வெக்கக்கேடு. மாமிக்கு முன்னாலையே குளிசையைத் தந்து விளக்கம் சொல்லுறா. வெள்ளிக்கிழமை வகுப்பாம். இவரையும் கூட்டிக்கொண்டு வரட்டாம். இவருக்கு இப்பவே வயித்துக்குத்தாம்.” சிரித்தாள். “நீங்களும் அண்டைக்குத்தானே?”

“எங்களிட்டை வரேல்லை.”

யதுர்ஷிகாவின் பார்வை நாற்காலியில் விழுந்து போனுக்குத் திரும்பியது.

“உங்களுக்கு உதெல்லாம் தேவையில்லையெண்டு நினைச்சிருப்பா அக்கா. வீண் கரைச்சல் குடுக்கக் கூடாதெண்டு.”

“எது தேவையில்லை?”

யதுர்ஷிகா போனைப் பலகையில் வைத்தாள். போன் எப்போது கிடைக்கும் என்று கேட்டாள்.

*

இறுதிப் போரின்போது முள்ளிவாய்க்காலில் ஷெல் துண்டு முதுகில் பட்டபோது தேனுகாவுக்குப் பதினைந்து வயது. தொப்புளுக்குக் கீழே உணர்வு போனது. அதன் பிறகு அவளுடைய உடம்பைப் பற்றிப் பலர் கதைத்தார்கள். படுக்கைப் புண் வராமல் எப்படிப் புரள்வது, சிறுநீருக்கான சலக் குழாயை எப்படி மாற்றுவது, காய்ச்சலை எப்படி முன்கூட்டியே அறிவது. முள்ளந்தண்டு பாதித்தவர்களுக்கான இல்லம் ஒன்றில் சில வருடங்கள் இருந்தாள். அங்கே போன் திருத்தவும் பழக்கினார்கள். ஆசையைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

மாதவிடாய் மட்டும் தவறாமல் வந்தது. “இது நிண்டிருந்தால் உனக்கு நிம்மதி” என்றார் ஒரு தாதி. தேனுகா தலையாட்டினாள். அது நிற்காததில் அவளுக்குக் கர்வம் இருந்தது. அதை யாருக்கும் காட்டவில்லை.

வீட்டுத்திட்டத்தில் பரந்தனுக்கு உள்ளே ஒரு வீடு கிடைத்தது. விறாந்தையில் போன் திருத்தத் தொடங்கினாள். அங்கேதான் சுஜிதன் வந்தான். குத்தகை வயலில் நெல் செய்கிறவன். லான்ட்மாஸ்ரர் என்ற சிறு உழவு இயந்திரம் ஓடுகிறவன். போன் வாய்க்காலில் விழுந்துவிட்டது என்றான். அவள் கழற்றிக் காயவைத்துக் கொடுத்தாள். இரண்டு கிழமையில் அது மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை அவள் போனைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

“இது வாய்க்கால் தண்ணி இல்லை.”

“பின்னை?”

“சேறு இல்லை. கிணத்துத் தண்ணி. வாளிக்குள்ளை போட்டனீங்களோ?”

அவன் தலையைச் சொறிந்தான்.

“உங்களோடை கதைக்க வேறை வழி தெரியேல்லை.”

அந்தக் கிழமை அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நித்திரை வரவில்லை. நெஞ்சு அடித்தது, கழுத்து வேர்த்தது. சலத்தில் கிருமி சேர்ந்தால் இப்படித்தான் தொடங்கும் என்று இல்லத்தில் படிப்பித்திருந்தார்கள். வெப்பமானியை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடித்தாள். நெஞ்சு அடிப்பது நிற்கவில்லை. சலத்தைச் சோதிக்கக் கிளிநொச்சிக்குக் கொடுத்துவிட்டாள். கிருமி ஒன்றும் இல்லை என்று வந்தது. அப்போது ஒழுங்கை முடக்கில் லான்ட்மாஸ்ரர் சத்தம் கேட்டது. நெஞ்சு மறுபடி அடித்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு கவனமாகத் தன் உடம்பைக் காவல் காத்தும் இதைத் தெரிந்துகொள்ளவில்லை.

இருந்தும் அவன் கலியாணம் கட்டக் கேட்டபோது இரண்டு தரம் மறுத்தாள். இரண்டாம் தரம் காரணத்தையும் சொன்னாள்.

“பாவம் பாத்துக் கட்டுறவரோடை என்னால இருக்கேலாது.”

“பாவமோ? ரவுணிலை இருக்கிற கடைக்காரனை விட நீர் கூடக் காசு எடுக்கிறனீர். உம்மிலை ஆர் பாவம் பாக்கிறது?”

சுஜிதனின் தாய் மீனம்மா எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்துப் பெண். வன்னியில் வளர்ந்தும் பேச்சு மாறவில்லை. ஒரு மாதம் மகனோடு சண்டை பிடித்தார்.

“அவ எந்திரிச்சு நிக்க மாட்டாடா. ஒனக்கு யாரு ஆக்கிப் போடுவா?”

“நான் ஆக்குவன்.”

“சரி. மத்ததுக்கு?”

“அது எங்கடை விசயம் அம்மா.”

மீனம்மா மகனின் முகத்தைப் பார்த்தார். பிறகு கலியாணத்துக்குச் சேலை எடுக்கக் கிளம்பினார்.

ஊர் வேறு மாதிரிச் சொன்னது. அவளுக்கு வாழ்க்கை கொடுத்தவன் என்றது. பெரிய மனசு என்றது. கலியாணப் பந்தலிலேயே ஒருவர் சுஜிதனின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்கலங்கினார். பக்கத்தில் தேனுகா கூறைச் சேலையில் இருந்தாள். அவளுடைய கையை அவர் பிடிக்கவில்லை.

முதல் இரவில் இருவரும் களைத்துப்போய்த் தூங்கிவிட்டார்கள். விடியும்போதுதான் விழித்தார்கள். அவனுக்கும் ஒன்றும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அவன் அவளுடைய கழுத்தில் ஒரு விரலை வைத்து மெதுவாகக் கீழே கொண்டுவந்தான்.

“இஞ்சை?”

“ஓம்.”

“இஞ்சை?”

“ஓம்.”

விரல் தொப்புளுக்கு வந்ததும் அவள் அவனுடைய கையைப் பிடித்தாள். உணர்வு முடிகிற கோடு அது. வயிற்றையும் முதுகையும் சுற்றி ஓடியது. இத்தனை வருடமும் தாதிகள் ஊசியால் குத்திக் குத்தி அளந்த எல்லை. அதில் அவனுடைய விரல் பட்டபோது அவளுக்கு மூச்சு நின்றது. கீழே இழந்ததெல்லாம் மேலே ஏறி வந்து அந்தக் கோட்டில் காத்திருந்தது போல இருந்தது.

“நோகுதோ?”

“இல்லை. கையை எடுக்காதையுங்கோ.”

பிறகு நடந்ததை அவள் அவனுடைய முகத்தில் பார்த்தாள். அவன் கண்ணை மூடியதையும், அவளுடைய பெயரைச் சொல்லத் தொடங்கி முடிக்காமல் விட்டதையும் பார்த்தாள். இது என்னால் நடக்கிறது என்று நினைத்தாள். இரண்டு பேரும் ஏன் என்று தெரியாமல் சிரித்தார்கள்.

*

“வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போவம்” என்றாள் தேனுகா.

சுஜிதன் குசினியில் பருப்புக் கழுவிக்கொண்டிருந்தான்.

“எங்களுக்குச் சொல்லேல்லையே.”

“சொல்லாட்டிலும் போவம்.”

“மிஸி மறந்திருப்பா. நான் போய்க் கேட்டுக்கொண்டு வாறன்.”

“மறக்கேல்லை. நாங்கள் அண்ணன் தங்கச்சி மாதிரி இருக்கிறம் எண்டு நினைக்கிறா. எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கினம்.”

அவன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

“நினைச்சிட்டுப் போகட்டும். எங்களுக்குத் தெரியுந்தானே.”

“எனக்குக் காணாது” என்றாள். “பிள்ளை தங்க முதலே குளிசை போட வேணுமாம். எனக்குப் பிள்ளை தங்குமோ, தங்கினால் என்ன நடக்கும், ஒண்டும் தெரியாது. ஆரிட்டைக் கேக்கிறது? அண்ணன் தங்கச்சிக்கு ஆர் மறுமொழி சொல்லுவினம்?”

அவன் அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தான்.

“பயமாயிருக்கோ?”

“ஓம். அதுக்குத்தான் போக வேணும்.”

*

லான்ட்மாஸ்ரருக்குப் பின்னால் பூட்டிய பெட்டியில் நாற்காலியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு போனார்கள். வகுப்பு நடந்த மண்டபத்துக்கு இரண்டு படிகள். சரிவுப் பாதை இல்லை. யதுர்ஷிகாவின் கணவன் நிருஷன் ஓடிவந்து அவளைத் தூக்கக் குனிந்தான்.

“என்னை இல்லைத் தம்பி, கதிரையைத் தூக்குங்கோ” என்றாள் தேனுகா. “வயித்துக்குத்து சுகமோ?”

நிருஷன் மனைவியைத் திரும்பி முறைத்தான். இரண்டு ஆண்களும் நாற்காலியைத் தூக்கி உள்ளே வைத்தார்கள்.

உள்ளே பத்துப் பன்னிரண்டு சோடிகள். எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விமலேஸ்வரி விரைந்து வந்தார்.

“ஐயோ பிள்ளை, நீர் ஏன் கஷ்டப்பட்டனீர்? ஏதும் உதவியெண்டால் சொல்லிவிட்டிருந்தால் நான் வீட்டை வந்திருப்பனே.”

“உதவிக்கு வரேல்லை மிஸி. வகுப்புக்கு வந்தனாங்கள்.”

விமலேஸ்வரி அவளையும் சுஜிதனையும் பார்த்தார். முன்வரிசையில் இருந்த ஒரு கதிரையை எடுத்து அவளுக்கு இடம் செய்தார்.

வகுப்பு எடுக்க வந்த டொக்டர் இளம் பெண். வெண்பலகையில் ஒரு தலையை வரைந்தார். எல்லாரும் வேறு படம் எதிர்பார்த்திருந்தார்கள். பின்னால் யாரோ மூச்சு விட்டது கேட்டது.

“ஆசை இடுப்பிலை தொடங்கிறதில்லை” என்றார் டொக்டர். “இஞ்சைதான் தொடங்குது. ஒரு ஆளைப் பிடிச்சுப் போச்செண்டால் மூளை சில இரசாயனத்தைச் சுரக்கும். பசிக்காது, நித்திரை வராது, நெஞ்சு படபடக்கும். புத்தியுள்ளவையும் மொக்கு வேலை செய்வினம்.”

“போனைத் தண்ணிக்குள்ளை போடுறதும் அதுதானாம்” என்றான் சுஜிதன் அவளுடைய காதில்.

“வாயை மூடிக்கொண்டு இருங்கோ.”

“அந்தப் பைத்தியம் ஒண்டு ரெண்டு வருசத்திலை அடங்கும்” என்றார் டொக்டர். “பிறகு வேறை ஒண்டு வளரும். தொட்டுக்கொண்டு இருக்கிற ஆக்களுக்கு, ஒருத்தர் சொல்லுறதை ஒருத்தர் கேக்கிற ஆக்களுக்கு அது நல்லா வளரும். எது பிடிக்கும், எது நோகும் எண்டு வாய் திறந்து கேளுங்கோ. கேக்காமல் ஒருத்தருக்கும் தெரியாது.”

தேனுகா சுஜிதனைப் பார்க்கவில்லை. அவனும் அவளைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் கேட்டுக் கேட்டுத்தான் கற்றிருந்தார்கள்.

டொக்டர் முடித்ததும் விமலேஸ்வரி எழுந்து முன்னால் வந்தார். அவருடைய குரல் இளகியிருந்தது.

“அன்பு எண்டால் என்னெண்டு படத்திலை பாக்கத் தேவையில்லை. இஞ்சை எங்கடை தம்பி சுஜிதன் இருக்கிறார். இப்பிடி ஒரு பிள்ளைக்கு வாழ்க்கை குடுத்திருக்கிறார். தனக்கெண்டு ஒண்டையும் எதிர்பாராமல் கட்டியிருக்கிறார். எவ்வளவு பெரிய மனசு. எல்லாரும் ஒருக்கால் கைதட்டுங்கோ.”

கைதட்டினார்கள். யதுர்ஷிகாவும் தட்டினாள். தேனுகா பலகையில்லாத தன் மடியைப் பார்த்தாள். கைகளை வைக்க இடம் தெரியவில்லை.

சுஜிதன் எழுந்தான். கைதட்டல் இன்னும் கூடியது. அவன் அது முடியும்வரை நின்றான்.

“எனக்குப் பெரிய மனசு ஒண்டும் இல்லை மிஸி” என்றான். “இவா ரெண்டு தரம் மாட்டன் எண்டவா. நான் கெஞ்சித்தான் கட்டினனான். எனக்கு இவாவிலை ஆசை. இதிலை இருக்கிற எல்லா மாப்பிளையளுக்கும் இருக்கிற அதே ஆசைதான். அதுக்குக் கைதட்டுறதெண்டால் எல்லாருக்கும் தட்ட வேணும்.”

முதலில் நிருஷன் சிரித்தான். அவனைத் தொடர்ந்து ஆண்கள் எல்லாரும் சிரித்தார்கள். பெண்கள் முந்தானையை வாயில் வைத்தார்கள். சுஜிதனின் காது சிவந்திருந்தது. அவன் உட்கார்ந்தான்.

தேனுகா கையை உயர்த்தினாள்.

“மிஸி, யதுர்ஷிகா வீட்டை வந்தனீங்கள். எங்கடை வீட்டைத் தாண்டித்தான் போனனீங்கள். ஏன் எங்களிட்டை வரேல்லை?”

“இல்லைப் பிள்ளை…” விமலேஸ்வரி சேலைத் தலைப்பைப் பிடித்தார். “வந்து உதெல்லாம் கேட்டால் உம்மடை மனம் நோகுமெண்டு நினைச்சன்.”

“கேக்காமல் போனதுதான் நொந்தது.”

தேனுகா டொக்டர் பக்கம் திரும்பினாள். அவளுடைய குரல் உயரவில்லை.

“டொக்டர், நாங்கள் புருசன் பெண்சாதியாத்தான் இருக்கிறம். எனக்கு மாதா மாதம் ஒழுங்கா வருது. பிள்ளை தங்குமோ? தங்கினால், பிள்ளை பிறக்கிற நோவு எடுக்கிறது எனக்குத் தெரியுமோ? தெரியாமல் கிடந்து பிள்ளைக்கு ஏதும் ஆகுமோ? இதுதான் எனக்குப் பயம்.”

சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தியிருந்தார்கள். டொக்டர் பேனையை மேசையில் வைத்துவிட்டு அவளுக்கு எதிரே ஒரு கதிரையை இழுத்து இருந்தார்.

“தங்கும்” என்றார். “சூலகத்துக்குக் கட்டளை இரத்தத்திலை போகுது. முள்ளந்தண்டுக்குள்ளாலை இல்லை. ஒழுங்கா வருதெண்டால் அது தன்ரை வேலையைச் செய்யுது. நோவு தெரியலாம், தெரியாமலும் போகலாம். வயிறு இறுகிறதைக் கையாலை பாக்கப் பழகலாம். கடைசி மாதங்களிலை ஆஸ்பத்திரியிலை இருக்க வேண்டி வரும். சலத்திலை கிருமியும் படுக்கைப் புண்ணும் வராமல் பாக்க வேணும்.”

“அது எனக்குத் தெரியும்.”

“தெரியுந்தான். எனக்குத் தெரியாதது என்னெண்டால், நான் இப்பிடி ஒரு தாயை இன்னும் பாத்ததில்லை. அதாலை இப்பவே பெரியாஸ்பத்திரியிலை விசேட நிபுணரிட்டைக் கதைக்கிறன். தனிய விடமாட்டம்.”

தாய் என்ற சொல்லை அவர் சாதாரணமாகச் சொன்னார். தேனுகா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பும்போது மழை தூறியது. சுஜிதன் லான்ட்மாஸ்ரரை மெதுவாக ஓட்டினான். பெட்டியில் நாற்காலிக்குப் பக்கத்தில் யதுர்ஷிகாவும் நிருஷனும் ஏறியிருந்தார்கள்.

“அக்கா” என்றாள் யதுர்ஷிகா. “நானும் கைதட்டிப் போட்டன்.”

“கண்டனான்.”

“கோவமோ?”

“உன்ரை போனுக்குக் கூடக் காசு எடுப்பன்.”

நிருஷன்தான் முதலில் சிரித்தான்.

*

விமலேஸ்வரி திங்கட்கிழமையே வந்தார். ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும், கலியாணத்துக்குப் பிறகு அவர்களோடேயே இருந்த மீனம்மா கோழியைத் துரத்திவிட்டு முற்றத்துக்கு ஓடினார். வேலிக்கு மேலால் யதுர்ஷிகாவின் மாமியாருக்குக் கேட்கும்படி சொன்னார்.

“எம் மருமகளையும் பாக்க மிஸ்ஸி வந்துட்டாங்க!”

உள்ளே வந்த விமலேஸ்வரி கதிரையில் இருக்கவில்லை. தேனுகாவுக்கு முன்னால் நின்றார்.

“பிழை என்னிலைதான் பிள்ளை” என்றார். “இவ்வளவு காலம் இந்த வேலை செய்யிறன். நான் கதிரையைத்தான் பாத்தனான்.”

“இருங்கோ மிஸி” என்றாள் தேனுகா. “தேத்தண்ணி குடிக்கலாம்.”

பை திறந்தது. இரத்த அழுத்தம் பார்த்தார். இரத்தம் சோதிக்கத் துண்டு கொடுத்தார். நிறை பார்க்க வேண்டும் என்றார். நிறுக்கும் தட்டை நிலத்தில் வைத்த பிறகுதான் யோசித்தார்.

“தம்பி முதலிலை தனிய ஏறட்டும். பிறகு அவாவைத் தூக்கிக்கொண்டு ஏறட்டும். கழிச்சுப் பாப்பம்.”

சுஜிதன் தேனுகாவைத் தூக்கிக்கொண்டு ஏறினான். முள் ஆடியது. அவள் அவனுடைய கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டிருந்தாள்.

“ஆடாமல் நில்லுங்கோ.”

“இவா கூசப்பண்ணுறா மிஸி.”

“பொய். நான் ஒண்டும் செய்யேல்லை.”

மீனம்மா தேத்தண்ணியோடு வாசலில் நின்றார். அவருக்குப் பொறுக்கவில்லை.

“மிஸ்ஸி, ஒரு விசயம் நான் சொல்றேன். அந்தச் செவுரப் பாருங்க. கூரை வரைக்கும் போகல. வீட்டுத்திட்டக் காசு அதோட முடிஞ்சிருச்சு. விடியக்காலையில அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. நான் எந்திரிச்சுப் போய் மாட்டுக்கிட்ட ஒக்காந்துக்குறேன்.”

“அம்மா!” என்றான் சுஜிதன்.

“என்னாடா அம்மா? ஊரே ஒன்னயப் பாத்துப் பாவம் பாவம்னு சொல்லுது. பாவம் நான்தான். எனக்குத்தான் தூக்கமில்ல.”

விமலேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார். முடியவில்லை. தேனுகா முகத்தைச் சுஜிதனின் தோளில் புதைத்தாள். பிறகு நிமிர்ந்தாள். வெட்கப்பட்டாள், ஆனால் முகத்தை மறைக்கவில்லை. சுஜிதன் அவளைக் கொண்டுபோய் நாற்காலியில் இருத்தினான். அவளுடைய கால்களை எடுத்து மிதிதட்டில் ஒழுங்காக வைத்தான்.

விமலேஸ்வரி கதிரையைக் கிட்ட இழுத்தார். குளிசைப் பைக்கற்றை அவளுடைய மடியில் வைத்தார். மீனம்மா தேத்தண்ணித் தட்டைக் கீழே வைக்க மறந்து நின்றார்.

“இது நான் எல்லாரிட்டையும் கேக்கிறதுதான்” என்றார் விமலேஸ்வரி. “ரெண்டு பேரும் சொல்லுங்கோ. பிள்ளை உடனை வேணுமோ, இல்லாட்டில் கொஞ்சக் காலம் இப்பிடியே தனிய இருந்து சிரிக்கப் போறீங்களோ?”